மூன்று வகைத் துண்டுப்படங்கள்

1954 பிப்ரவரி 14

பொம்மைக் கடை மணவாளன் இன்று புதுச்சேரியிலிருந்து சைக்கிளிலேயே எங்கள் ஊர் உறுவையாறு வந்துவிட்டார். சேர்த்து விளையாட நான் வெட்டித் தரும் துண்டுப்படங்கள் நன்றாகப் போகின்றனவாம். ஆனால் வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்களாம். சின்னப் பிள்ளைக்கு வாங்கினவர், பிள்ளை அழுகிறது என்கிறார். ஒரு வக்கீல் வீட்டம்மாள், கடைப் படி இறங்குவதற்குள் சேர்த்துவிட்டேன், இது ஒரு விளையாட்டா என்கிறாராம். அதனால் இனிமேல் மூன்று வகை வேண்டும். எளிது, நடுத்தரம், கடினம். பெட்டி மேல் எழுதி ஒட்டவேண்டும்.

"துண்டக் கூட்டினா கஷ்டம், கொறைச்சா சுளுவு. இதுல யோசிக்க இன்னாம்மா இருக்குது?" என்றார்.

தலையாட்டினேன். ஆனால் அது அப்படி இல்லை. ரம்பம் பிடிக்கிற கைக்குத் தெரியும். தேர்ப்படத்தை எத்தனை துண்டாக அறுத்தாலும் சேர்த்துவிடலாம். சக்கரம் சக்கரத்தைக் கூப்பிடும், குதிரை குதிரையைக் கூப்பிடும். கடல் படத்தில் பாதித் துண்டு போதும், ஆளை அழவைக்கலாம்.

கன்னிமார் மடத்தில் எனக்கு இந்த வேலையைப் பழக்கிய மாசேர், அந்தக் கன்னியாஸ்திரி, இதையெல்லாம் சொல்லித் தரவில்லை. காலண்டர் படத்தைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டு, வில் ரம்பத்தைச் சாய்க்காமல் அறு. அவ்வளவுதான்.

பிப்ரவரி 16

அவரை உட்கார வைத்துச் சோதித்தேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர், சிங்காரவேலு. பெயரை இங்கே எழுதினால் யார் காதிலும் விழாது.

கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர், காலில் சேறு காய்வதற்குள் தேரைச் சேர்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். கடலைக் கொட்டினேன். மேலே எல்லாம் நீலம், கீழே எல்லாம் நீலம். "இது ஏமாத்துடி. வானத்துல இன்னா அடையாளம் இருக்குது?" என்று எழுந்து போனார். மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி போனார். மறுபடி வந்தார்.

கடினம் என்றால் அதுதான் போலிருக்கிறது. எழுந்து போனவரைத் திரும்பி வர வைக்கிறது. திரும்பி வரவே மாட்டார் என்றால் அது கடினமில்லை, கொடுமை.

மார்ச் 5

பக்கத்துக் கொல்லை மாரிமுத்து நேற்று எங்கள் முறையில் மடையை அடைத்துவிட்டான். இவர் மண்வெட்டியை ஓங்கினார். அவனும் ஓங்கினான். நாலு பேர் பிடித்துவிட்டதால் மண்வெட்டிகள் இறங்கின.

முன்பெல்லாம் இது தண்ணீர்ச் சண்டை. இப்போது அவன் பிரெஞ்சுக் கட்சி, இவர் இந்தியாவோடு சேரவேண்டும் என்கிற கட்சி. வாய்க்கால் சண்டைக்கு ஆளுக்கொரு கொடி கிடைத்துவிட்டது.

மார்ச் 21

கொம்யூன் தலைவர்கள், மேர்கள் எல்லாம் சேர்ந்து, இந்தியாவோடு இணைகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிரெஞ்சுக் கட்சியின் பதில் டவுனிலிருந்து லாரியில் வருகிறது. தடி, சைக்கிள் செயின், சோடாப் புட்டி. வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீட்டு வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். கட்டுத்தறியில் இருந்த பசுவும் கன்றும் அதிலேயே போயின. காற்று இந்தப் பக்கம் அடித்தபோது கருகின வாடை வந்தது. சாப்பிட முடியவில்லை.

கொஞ்ச நாள் பாகூரில் என் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றேன். கரும்பு வெட்டாமல் எப்படி வருவது என்கிறார்.

மார்ச் 28

எழுதணும். எழுதாட்டி மண்டை வெடிச்சிடும்.

நேத்து காலையில கஞ்சி எடுத்துக்கிட்டு கொல்லைக்குப் போனேன். கரும்புக்குள்ள சத்தம். மாடு பூந்துடுச்சின்னு நெனச்சேன். மாடு இல்ல. ஆளுங்க. அவரு மண்டி போட்டு உக்காந்திருந்தாரு, வாயில ரத்தம். சுத்தி நிக்கிறவன்ல மூணு பேர் யாருன்னே தெரியல, லாரி ஆளுங்க. நாலாவது ஆளு மாரிமுத்து. கையில வண்டி முளைக்குச்சி.

அவரு என்னப் பாத்து போ போன்னு கையக் காட்டினாரு. அப்பதான் அடிச்சான். தலையில. நான் கஞ்சிச் சட்டிய அவன் மேல வீசினேன். ஒருத்தன் என் கொண்டையப் புடிச்சி மூஞ்சியச் சேத்துல அமுக்கினான். சேத்துக்குள்ள இருந்தும் கேட்டுச்சி — ரெண்டாவது அடி. விழுந்து கெடந்த ஆள, எதுக்குடா ரெண்டாவது தடவ?

அந்தச் சத்தத்த எழுத முடியல.

மார்ச் 29, கடலூர்

அவருடைய தம்பி நாகராஜன் வண்டி கட்டி வயல் வழியாகவே இந்திய யூனியன் எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தான். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், வழியில் லாரி. கடலூர் டாக்டர், உயிர் இருக்கிறது, மற்றதைக் காலம்தான் சொல்லவேண்டும் என்கிறார். மற்றது என்றால் என்ன? கேட்கவில்லை.

ஏப்ரல் 3

கண் திறந்தார். என்னைப் பார்த்தார். யாரோ வழிப்போக்கியைப் பார்ப்பது போல.

ஏப்ரல் 24

வீட்டுக்கு வந்துவிட்டோம். வலது கை தொங்குகிறது. வலது கால் இழுக்கிறது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் இடம் மாறி வருகிறது. தண்ணீருக்குச் செருப்பு என்கிறார். செருப்பை எடுத்துக் கொடுத்தால் முகத்தில் எறிகிறார். என்னை "கதவு" என்று கூப்பிடுகிறார். கதவு, கதவு என்று. முதலில் கதவைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். என்னைத்தான் என்று புரிய ஒரு முழுப் பகல் ஆயிற்று.

இடது கை மட்டும் முன்பு போலவே இருக்கிறது. முன்பைவிடப் பலமாக இருக்கிறது. நேற்று அந்தக் கையால்தான் அறைந்தார்.

மே 2

செம்பு. நெற்றியில்.

மே 8

நாட்டு வைத்தியர் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார். நாகராஜன் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்கிறான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெட்டியில் கிடந்த தேர்ப்படத்தை அவர் முன்னால் கொட்டினேன். காலில் சேறு காய்வதற்குள் சேர்த்த படமாயிற்றே என்று நினைத்தேன்.

ஒரு துண்டை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் சேர்த்து வைத்து அழுத்தினார், சேராது. இன்னும் அழுத்தினார், பலகை பிளந்தது. அப்புறம் எல்லாவற்றையும் வாரி என் மேல் அடித்தார். ஒரு முனை புருவத்தைக் கிழித்துவிட்டது. ரத்தத்தோடு மண்டி போட்டுத் துண்டு பொறுக்கினேன். பொறுக்கும்போது முதுகில் உதை.

முட்டாள் நான். கீழ்ப்படிக்கட்டே இல்லாமல் மாடியைக் காட்டியிருக்கிறேன்.

மே 10

இரண்டே துண்டாக ஒரு மாம்பழப் படம் வெட்டி வைத்தேன். பார்த்தார். என்னைப் பார்த்தார். மாம்பழத்தின் மேல் காறித் துப்பினார். அப்புறம் அழுதார்.

சொல்தான் போயிருக்கிறது. மானம் போகவில்லை. தேரைக் கொடுத்ததற்கு உதைத்தார். மாம்பழத்தைக் கொடுத்ததற்கு அழுதார். எது பெரிய அடி?

மே 11

எளிதாக இருக்கவேண்டும், ஆனால் எளிது என்று தெரியக்கூடாது. எப்படி?

மே 17

வழி கிடைத்தது மாதிரி இருக்கிறது. பெரிய யானைப் படம், நிறையத் துண்டு. ஆனால் சுற்றிலும் நானே சேர்த்து, அடியில் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டேன். நடுவில் நாலைந்து பள்ளம் மட்டும். பார்க்கப் பெரிய வேலை. கைக்குச் சின்ன வேலை.

அவர் வெகுநேரம் பார்த்தார். இடது கையால் ஒரு துண்டை எடுத்து வைத்தார், உட்கார்ந்துவிட்டது. அடுத்தது. அடுத்தது. எல்லாம் முடிந்ததும் விரலால் ஓரத்துத் துண்டு ஒன்றைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கள்ளி."

இடம் மாறாத சொல். வீட்டுக்கு வந்த பிறகு முதல் சொல். நான் சிரித்தேன், அப்புறம் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். திட்டாக இருந்தால் என்ன.

மே 30

இந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டவை, மறந்துபோவதற்குள்:

உருவத்தின் கோட்டோடு அறுத்தால் எளிது. தும்பிக்கை தும்பிக்கையாகவே வரும். உருவத்துக்குக் குறுக்கே அறுத்தால் கை நிற்கும். ஒரே நிறத்தைக் குறுக்கே அறுத்தால் அடி விழும்.

முகம் மட்டும் ஆகவில்லை. முருகன் படத்தில் கண் துண்டை வாய் இருக்கிற இடத்தில் வைத்தார், நிதானமாக, சரி என்று நம்பி. நான் எடுக்கவில்லை. முருகன் அன்று முழுக்க வாயால் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோற்ற உடனே சின்னதைக் கொடுக்கக்கூடாது. தெரிந்துவிடும். அதே அளவில், வேறு படம், உள்ளுக்குள் கொஞ்சம் இளகினது. அப்படித்தான் கொடுக்கவேண்டும்.

அவர் மூச்சு மாறும். மூக்கு விடைக்கும். அதற்கப்புறம் ஒரு துண்டுதான் தாங்கும். அந்த ஒன்று உட்காரவில்லை என்றால் நான் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கவேண்டும்.

ஜூன் 9

முடியல. இன்னிக்கி நானும் அடிச்சிட்டேன்.

அவரு சோத்துத் தட்ட வீசினாரு. அப்புறம் என் கழுத்துல கை வச்சாரு. அந்த இடது கை. கண்ணு இருட்டிக்கிட்டு வந்திச்சி. அடுப்புல இருந்த வெறகு கைக்குக் கெடச்சிது. போட்டேன். தோள்ல. கை எடுத்துட்டாரு. எடுத்த அப்புறமும் போட்டேன். விழுந்துட்டாரு. விழுந்த அப்புறமும் — ஒண்ணு.

விழுந்தவர.

ஜூன் 10

இன்று காலையில் முகம் துடைக்கத் துணியோடு கிட்டே போனேன். இடது கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டார். துணியைத்தான் கொண்டுபோனேன். துணியைத்தான்.

துணியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அந்த மாரிமுத்துவும் நானும் ஒரே வேலையைச் செய்திருக்கிறோம். அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா? போனால் இவரை யார் பார்ப்பார்கள்? இருந்தால் யார் யாரைக் கொல்லுவோம்?

ஜூன் 11

போகவில்லை. கிளிப் படம் அறுத்தேன்.

ஜூலை 18

நாகராஜன் தினமும் வந்து அண்ணனுக்கு மேல் கழுவிவிடுகிறான். நல்ல பிள்ளை. முடித்துவிட்டு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீச்சரிவாளைத் தீட்டுகிறான். மாரிமுத்து இப்போது லாரி ஆட்களோடு டவுனிலேயே கிடக்கிறானாம். ஊருக்குள் அவன் பெண்சாதி குப்பு மட்டும்.

"வருவான் அண்ணி. கொடி மாறட்டும். அன்னிக்கி வருவான்" என்கிறான்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூர் போதுமா என்று விரலால் தடவிக் காட்டினான். நானும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 12

மணவாளனுக்கு மூன்று வகையும் அனுப்பி, பதிலும் வந்தது. எளிதும் நடுத்தரமும் தீர்ந்துவிட்டன. கடினத்தை மட்டும் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து மேஜை மேல் கொட்டினாராம், மனுஷன் செய்கிற வேலையா என்று. அதனால் கடினத்திலும் வானத்தைக் குறைக்கச் சொல்கிறார்.

குறைக்கமாட்டேன். வானத்தின் நடுவில் ஒரு சின்னப் பறவை வரைகிறேன். ஒன்றே ஒன்று. பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் ஆள் எழுந்து போகமாட்டான். இதை நான் டவுன்காரர்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. என் புருவத்தில் கற்றுக்கொண்டேன்.

செப்டம்பர் 20

பறவை போட்ட கடலை அவர் முக்கால்வாசி சேர்த்துவிட்டார். மூக்கு விடைத்தது. நான் நகர்ந்தேன். ஆனால் அவர் அடிக்கவில்லை. எழுந்து காலை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய், அங்கே தூணைக் குத்தினார். விரல் கணுவெல்லாம் தோல் உரிந்து ரத்தம். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

திரும்பி வந்தார்!

அக்டோபர் 19

நேற்று கீழூரில் ஓட்டுப் போட்டார்களாம். இணைப்புத்தான். ஊரெல்லாம் வேட்டு. வேட்டுச் சத்தத்துக்கு அவர் மூலையில் ஒடுங்கி, கிட்டே போன என் கையைக் கடித்துவிட்டார்.

நவம்பர் 2

நேற்றோடு கொடி மாறிவிட்டது. மேரி ஆபீசில் மிட்டாய் கொடுத்தார்களாம். டவுனிலிருந்து லாரி ஆட்கள் எல்லாம் ஓடிவிட்டார்களாம். மழை பிடித்துக்கொண்டது. நாகராஜனைக் காலையிலிருந்து காணோம். அம்மிப் பக்கம் பார்த்தேன். அரிவாளும் இல்லை.

நவம்பர் 13

இடது கையால் எழுதுகிறேன். கோணல். போகட்டும்.

வெள்ளிக்கிழமை. மழை விட்ட பகல். நாகராஜனும் இன்னும் சிலரும் மாரிமுத்துவைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் துண்டைப் போட்டு, மாட்டை இழுப்பது போல. செங்கல் சூளையில் ஒளிந்திருந்தானாம். முகம் ஏற்கெனவே வீங்கியிருந்தது. எங்கள் வாசலில் தள்ளினார்கள்.

"அண்ணி, இவந்தானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாரிமுத்துவும் பார்த்தான். "ஆமாம்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை.

நாகராஜன் ஒரு தடியை அவர் இடது கையில் கொடுத்தான். "அண்ணா, நீயே போடு. அப்புறம் நாங்க பாத்துக்கிறோம்" என்றான்.

அவர் தடியைப் பார்த்தார். துண்டுப்படத்தைப் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாரிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். தெரிந்ததா? எனக்குத் தெரியாது. முகங்கள் அவருக்கு ஆவதில்லை. ஆனால் அடித்தார்.

முதல் அடி தோளில். கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்தது காதில். காது கிழிந்து தொங்கியது. அப்புறம் நிற்கவில்லை. மூக்கு விடைத்து, ஒரே சீராக, நெல் அடிப்பது போல. மாரிமுத்து முதலில் கத்தினான், அப்புறம் முனகினான், அப்புறம் அதுவும் இல்லை. ஆர்ப்பரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நாகராஜன், "போதும்ணா" என்றான். கேட்கவில்லை. "அண்ணா, செத்துடுவான்" என்றான். யாரும் கிட்டே போகவில்லை. அரிவாள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு நொண்டியைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார்கள்.

எனக்கு ஆறு மாதப் பழக்கம். கத்தக்கூடாது. முதுகுப் பக்கமாக வரக்கூடாது. எதிரே, தெரிகிற மாதிரி போகவேண்டும். போனேன். மாரிமுத்துவின் தலைக்கு மேலே கையை நீட்டினேன். அவனுக்காகவா? இல்லை. சத்தியமாக இல்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

என் கையில் விழுந்தது. எலும்பு ஒடிந்தது வாசலில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

நின்றுவிட்டார்.

தொங்கின என் கையைப் பார்த்தார். தொங்குகிற தன் கையைப் பார்த்தார். தடியைக் கீழே போடவில்லை. மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். "கதவு" என்றார். "கதவு, கதவு."

இங்கேதான் இருக்கிறேன் மாமா என்றேன்.

நவம்பர் 20

மாரிமுத்து பிழைத்துக்கொண்டான். அவனையும் அதே கடலூருக்குத்தான் கொண்டுபோனார்களாம். ஒரு காது இனிக் கேட்காதாம். என் கையில் கட்டுக் கட்டின வைத்தியர் சொன்னார்.

என் கைக்கு மூங்கில் பத்தை வைத்திருக்கிறது. ரம்பம் பிடிக்கிற கை. நேராகச் சேரலாம், சேராமலும் போகலாம் என்கிறார்.

நாகராஜன் வருகிறான், மேல் கழுவுகிறான், போகிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

டிசம்பர் 6

வில்லியனூர்ச் சந்தையில் குப்புவைப் பார்த்தேன். மாரிமுத்துவின் பெண்சாதி. ஒதுங்கப் பார்த்தேன், அவளே வந்தாள். நான் தடுத்ததற்கு நன்றியாக ஏதாவது சொல்லப்போகிறாள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். வெட்கம்.

"இவந்தான்னு கை காட்டினதும் நீதான். அப்புறம் குறுக்கால கைய நீட்டினதும் நீதானாம்" என்றாள். "எதுக்குடி நீட்டினே? நான் கேட்டனா?"

காலடியில் துப்பிவிட்டுப் போய்விட்டாள். கூடையில் என்ன வாங்கினேன் என்றே தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

டிசம்பர் 19

மணவாளன் ஆள் அனுப்பினார். பொங்கலுக்குப் பெட்டி வேண்டுமாம். கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். ஆள் போன பிறகு பார்த்தால் இவர் என் ரம்பத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தொடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும். பல்லுள்ள சாமானாயிற்றே. எடுத்து ஒளிக்கவும் பயம், விடவும் பயம்.

டிசம்பர் 23

பழைய அட்டைப் பலகை ஒன்றை இடது கையால் அறுத்திருக்கிறார். கோணல் மாணலாக. வலது முழங்காலால் பலகையை அமுக்கிக்கொண்டு. ரம்பக் கம்பி அறுந்துபோனது. கோபத்தில் எழுந்தார், கொட்டகைக்குப் போனார், தூண். திரும்பி வந்து வேறு கம்பிக்குக் கை நீட்டினார். போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு கையாக மாட்டினோம்.

1955 ஜனவரி 17

கட்டைப் பிரித்தாயிற்று. கை சற்றுக் கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. விரல் மடங்குகிறது, ஆனால் பிடி இல்லை. செம்பு வழுக்கி விழுகிறது.

அடி நின்றுவிட்டது என்று எழுதமாட்டேன். போன வாரம் மோர்ப்பானையை உடைத்தார். ஓட்டுச் சில் என் காலில் ஏறியது. ஆனால் பானையை என் மேல் எறியவில்லை, சுவரில் எறிந்தார். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். கிட்டே உட்காரும்போது இன்னும் வாசல் பக்கமாகத்தான் உட்காருகிறேன்.

பிப்ரவரி 6

இன்று சோறு முடிந்ததும் "கதவு" என்று கூப்பிட்டு என் முன்னால் ஒரு படத்தைக் கொட்டினார். அவரே அறுத்தது. நாலைந்து நாளாகக் கொட்டகையில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார் போலிருக்கிறது, எனக்குக் காட்டாமல். ஏரியும் வானமும் உள்ள காலண்டர் படம். கடினம் வகை.

துண்டுகள் பெரியதாக இருந்தன. சும்மா பெரியது இல்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக ஒரு மூக்கு விட்டு அறுத்திருந்தார், பிடியில்லாத கை நுனியால் பிடித்துத் தூக்குகிற மாதிரி. நான் செம்பை நழுவவிடுவதை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வலது கையாலேயே சேர்த்தேன். ஏரி ஆயிற்று. வானம் ஆகவில்லை. விரல் வலித்தது. ஒரே துண்டை இங்கே வைத்தேன், அங்கே வைத்தேன். எரிச்சல் தலைக்கு ஏறியது. எனக்கு வரும் என்று நினைக்காத எரிச்சல். எல்லாவற்றையும் வாரி வீசிவிடலாம் போல இருந்தது. என் மூச்சு மாறியிருக்கவேண்டும்.

அவர் எனக்காக எதையும் வைத்துக் கொடுக்கவில்லை. குவியலில் இருந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து, தலைகீழாகக் கிடந்ததை நேராகத் திருப்பி, எடுத்த இடத்திலேயே வைத்தார். இப்படி உதவலாம் என்று எனக்குத் தோன்றினதே இல்லை, இத்தனை பெட்டி வெட்டியும்.

எடுத்தேன். உட்கார்ந்துவிட்டது.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். மீதி வானத்தை நாளைக்குச் சேர்க்கலாம் என்று பலகையை அப்படியே விட்டிருக்கிறேன்.